பார்லர் அக்காவின் கைக்கண்ணாடி

பார்லர் அக்காவுக்குத் தலைக்கனம் என்று அந்தத் தெருவில் வெகு நாளாக ஒரு பேச்சு உண்டு. கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், பிள்ளையின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி, மேல்வீட்டுக்காரன் சண்டை என்று ஒன்றுவிடாமல் விசாரிப்பாள். அதே ஆளைக் காய்கறிக் கடையில் எதிரே பார்த்தால் யாரோ எவரோ என்று தாண்டிப் போய்விடுவாள். "நேத்துதானேக்கா முடி வெட்டிவிட்டீங்க, அதுக்குள்ள மறந்தாச்சா?" என்று கேட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கத்திரி பிடித்த நாளிலிருந்து அவள் மனிதர்களைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குள்தான். வாடிக்கைக்காரர் நாற்காலியில் உட்கார, இவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, இரண்டு பேர் கண்ணும் சந்திப்பது எதிர்ச்சுவர்க் கண்ணாடியில். பேச்சு, சிரிப்பு, "இவ்வளவு குட்டையா ஏன் வெட்டினீங்க" என்கிற சண்டை, எல்லாம் அதற்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். "எங்க அண்ணிகிட்ட பேசணும்னா ஒரு கண்ணாடியைக் கையில தூக்கிட்டுப் போங்க" என்று அவளுடைய நாத்தனார் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

நாத்தனாரும் அதே கடையில்தான் வேலை. அண்ணன் பெண்டாட்டியும் நாத்தனாரும் ஆளுக்கொரு கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே அறையில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. சண்டை வராமல் இல்லை. என் சீப்பை எடுத்தாயா என்று வரும், டீ ஆறுவதற்குள் போய்விடும்.

அந்தச் சம்பவம் நடந்தது பட்டப்பகலில். தெரு சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்த நேரம். நாத்தனார் பின்கட்டில் துண்டு பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா ஒரு டீச்சருக்கு நெற்றி முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் முடி விழுமே என்று டீச்சர் கண்ணை இறுக மூடியிருந்தார். டீச்சரின் தலைக்கு மேலே, கண்ணாடியில், தெருவும் எதிர்ச்சாரி போட்டோ கடையின் வாசலும் தெரிந்தன.

போட்டோக்காரர் பரம சாது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பதே அவர் பிழைப்பு என்பதால் "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் அதைச் சொல்லும் அழகில்தான் ஜனங்களுக்குச் சிரிப்பே வரும். ஊர் முகத்தையெல்லாம் படம் பிடித்தவர், தன் கடைவாசலில் மட்டும் ஒரு பொம்மைக் கேமராவை மாட்டி வைத்திருந்தார். திருடனுக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

அந்த வாசலிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். தோளில் இரண்டு கேமராப் பைகள், கையில் கடை ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி. பின்னாலேயே ஓடிவந்த போட்டோக்காரர் ஒரு பையின் வாரைப் பிடித்துவிட்டார். அவன் திரும்பினான். கம்பி மேலே போனதையும் கீழே வந்ததையும் அக்கா பார்த்தாள். போட்டோக்காரர் படியில் சரிந்தார். கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவன் தெருவைப் பார்த்து நிமிர்ந்தபோது, அக்காவின் கண்ணும் அவன் கண்ணும் கண்ணாடிக்குள் நேருக்கு நேர் சந்தித்தன. கோணலான மூக்கு. வாயின் ஒரு ஓரம் மேலே ஏறியிருந்தது. அவன் ஓடவில்லை. தோள் வாரைச் சரிசெய்துகொண்டு, கடைக்குச் சாமான் வாங்க வந்தவன் மாதிரி நடந்து போனான்.

அக்கா திரும்பவில்லை. கத்தவும் இல்லை. கத்திரி அந்தரத்தில் நின்றது.

"முடிஞ்சுதாம்மா? கண்ணைத் திறக்கலாமா?" என்று டீச்சர் கேட்டார். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. வந்த குரலில் தெருவே எழுந்து ஓடிவந்தது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா பொறுமைசாலி. எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார். "கடைக்குள்ள இருந்துதான் மேடம்" என்றாள் அக்கா. தெளிவாகத் தெரிந்ததா? தெளிவாகத் தெரிந்தது. ஆள் எப்படி? சுருட்டை முடி, மூக்கு இடது பக்கம் கோணல், வாயும் அந்தப் பக்கமே ஏறியிருக்கும். இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். கண்ணாடியில் பார்த்தேன் என்று சொல்ல அக்காவுக்குத் தோன்றவே இல்லை. மீனைப் பிடித்து விசாரித்தால் தண்ணீரைப் பற்றியா முதலில் சொல்லப்போகிறது?

போட்டோக்காரர் பிழைத்துக்கொண்டார். தலைக்கு வந்தது தையலோடு போனது. ஆனால் அன்றைய மத்தியானம் மட்டும் அவர் நினைவிலிருந்து சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தது. அடித்தவன் கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவள் என்று உலகத்தில் மிச்சமிருந்தது பார்லர் அக்கா ஒருத்திதான்.

அந்த நினைப்பே அவளைப் படுத்தியெடுத்தது. தெருவில் எந்த ஷட்டர் இறங்கினாலும் நெஞ்சு தொண்டைக்கு ஏறும். உள்ளங்கை வேர்த்துச் சீப்பு வழுக்கும். கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கவே முடியவில்லை. ஆனால் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பதுதானே அவள் தொழில்! ஒரு நாள் காலையில் நாற்காலியைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். பெரிய கண்ணாடியில் அவனே நிற்பது போலிருந்ததால் அதன் மேல் ஒரு நீளத் துண்டைத் தொங்கவிட்டாள். கண்ணாடி இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. ஒரு கல்லூரிப் பெண்ணின் காதில் கத்திரி நுனி பட்டு ரத்தம் வந்துவிட்டது. அந்தப் பெண் மறுபடி வரவில்லை. அவளோடு வருகிறவர்களும் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மறந்துடுங்க என்றாள் ஒருத்தி, மறப்பது என்னவோ கடையில் கிடைக்கிற மாதிரி. அடி வாங்கினவரே எழுந்து உட்கார்ந்துட்டார், பாத்தவங்களுக்கு என்ன என்றாள் இன்னொருத்தி. இவர்களுக்கெல்லாம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த நெஞ்சை இரவல் கொடுத்திருக்க வேண்டும்.

தெருவில் நடப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததால், கடையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். முடி வெட்டி முடித்ததும் பின்கழுத்தைக் காட்டுவதற்குப் பிடிப்பார்களே, அந்தப் பிடிபோட்ட கண்ணாடி. பத்தடி நடப்பாள், கண்ணாடியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். பெரிய கண்ணாடியைப் பார்க்கப் பயம், சின்னக் கண்ணாடி இல்லாமல் நடக்கப் பயம். பயத்திடம் போய் நியாயம் கேட்டால் கிடைக்குமா?

"பேசாம உன் ரெண்டு தோள்லயும் ஸ்கூட்டர் கண்ணாடி மாட்டிவிட்டுடறேன்" என்றார் அவள் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். எதையும் திருகாணியில் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிற நல்ல மனுஷன். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகமும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் எங்கே கிளம்பினாலும், செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கூடவே கிளம்ப ஆரம்பித்தார்.

கடைசியில் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது நாத்தனார்தான். "பல்லு வலின்னா போறோம், இதுக்குப் போனா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அந்த மனநல டாக்டர் அதிகம் பேசவில்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்யச் சொன்னார். "பயத்தைத் துரத்தாதீங்கம்மா. துரத்தினா அது சுத்திட்டு வேற வாசல் வழியா வரும். வந்தா வரட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார்.

வீடு வரும் வழியில் அக்கா அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற வாடிக்கைக்காரர்களை அவள் பார்க்காததா? அவர்களைத் துரத்தவும் முடியாது, கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடவும் முடியாது. "வாங்க, பெஞ்சுல உக்காருங்க, உங்க முறை வரும்போது கூப்பிடறேன்" என்றால் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் ஒரு ஷட்டர் தடாலென்று இறங்கி நெஞ்சு துள்ளியபோது, மூச்சை மெதுவாக விட்டுவிட்டு, வாய்க்குள்ளேயே சொன்னாள்: 'வந்துட்டியா? பெஞ்சுல உக்காரு. உன் முறை வரும்போது கூப்பிடறேன்.' அது போகவில்லை. ஆனால் உட்கார்ந்தது. அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இதைக் கேட்ட நாத்தனார் விடுவாளா? தினமும் கடை திறந்ததும், "என்ன அண்ணி, நம்ம ஆளு வந்தாச்சா?" என்பாள்.

"வந்தாச்சு. உக்காந்திருக்கு."

"டீ சொல்லட்டுமா அதுக்கு?"

"சும்மா இருடி. பழகிட்டா தினம் வரும்."

இப்படிச் சிரித்துச் சிரித்தே, பெரிய கண்ணாடி மேல் கிடந்த துண்டை நாளுக்கு ஒரு சாணாக இறக்கினார்கள். முதலில் கூரை தெரிந்தது, பிறகு எதிர்க்கடைப் பலகையின் தலை தெரிந்தது. தெரு தெரிகிற உயரம் வந்ததும் அக்கா துண்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதற்குக் கீழே அவளால் போக முடியவில்லை. நாற்காலியும் தெருவைப் பார்த்தபடியே கிடந்தது.

அந்த நிலைமையில்தான் போட்டோக்காரரின் மனைவி வந்தார். எதிர்ச்சாரியிலிருந்து இந்தச் சாரிக்கு வருவதற்குள் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. லென்ஸ் ஒன்றை விற்க வந்த ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அவனோ, சந்தையில் எவனிடமோ வாங்கினேன் என்று சாதிக்கிறானாம்.

"வரிசையா நிக்க வெச்சுக் காட்டுவாங்களாம்மா. நீங்க இவன்தான்னு சொன்னாத்தான் உண்டு. இல்லன்னா அன்னிக்கு சாயங்காலமே விட்டுடுவாங்களாம்." கொஞ்ச நேரம் மடியில் இருந்த கையையே பார்த்தார். "அவர் கடைப்பக்கமே வர மாட்டேங்கறார். சுவரோட முதுகை ஒட்டி வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கார். யாருன்னே தெரியாதவனுக்கு எப்படிப் பயப்படாம இருக்கறதுன்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அக்கா வாசலைப் பார்த்தாள். நான் அவனைப் பார்க்க வேண்டுமென்றால் அவனும் என்னைப் பார்ப்பானே! ஆனால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவளும் அதே சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். "வர்றேன்மா. பாத்துச் சொல்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அந்த நாளும் வந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரரை உட்காரவைத்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் "இன்னிக்கு லீவு" என்று சொல்வதற்காகவே ஒரு மனுஷன் பெண்கள் பார்லரில் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். கையில் தொழில் சாமான் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நாத்தனார் அண்ணியின் பையில் சீப்பு, கத்திரி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஸ்டேஷன் வாசலிலேயே கத்திரியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதனால் யாருக்கு என்ன ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்.

சில ஊர்களில் ஒளிந்திருந்து பார்க்க ஏற்பாடெல்லாம் இருக்கிறதாம். இங்கே அதெல்லாம் இல்லை. ஒரு நீள அறை, ஒரு பக்கம் கதவு, எதிர்ச்சுவர் ஓரமாக ஆட்கள். எல்லாருக்கும் காது வரை இழுத்துவிட்ட ஒரே மாதிரிக் குல்லா. சுருட்டை முடி என்று அவள் சொன்னது அங்கேயே போயிற்று. அவள் சொன்னதை மதித்து, மூக்குக் கோணலானவர்களாகவே பொறுக்கி நிறுத்தியிருந்தார்கள். எங்கே தேடினார்களோ! நாலா திசைக்கும் மூக்குகள் நின்றன.

"நிதானமாப் பாருங்கம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. உத்தேசமா யாரையும் காட்டிடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

'உக்காரு, உக்காரு' என்று பயத்திடம் சொல்லிக்கொண்டே அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். நாலாவது ஆளிடம் வந்ததும் நின்றாள். அவன்தானோ? ஆனால் மூக்கு தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. வாயும் தப்பான பக்கம். அவனுடைய தம்பியோ தூரத்துச் சொந்தமோ என்பது போல, எல்லாம் இருந்தும் எதுவோ சேரவில்லை. உத்தேசமாகக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை இவன் ஒரு பாவமும் அறியாதவனாக இருந்தால்? கடைசி ஆள் வரை போய்விட்டு வந்தாள்.

"இல்ல மேடம். இவங்கள்ல யாரும் இல்ல."

சொல்லும்போதே போட்டோக்காரர் மனைவியின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. தன் கண்ணையே நம்ப முடியாமல் போய்விட்டதே என்று அழுகை முட்டியது. நான் எதைத்தான் பார்த்தேன்? இதற்கா இத்தனை நாள் நடுங்கினேன்? கதவைப் பார்த்துத் திரும்பினாள். அத்தனை பேரும் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கை தானாகப் பைக்குள் போயிற்று. எந்தப் பழக்கத்துக்காக ஊரே அவளைப் பார்த்துச் சிரித்ததோ, அந்தப் பழக்கம் கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கியது.

கண்ணாடிக்குள் அவன் நின்றான்.

தம்பியில்லை, தூரத்துச் சொந்தமில்லை, அவனேதான். மூக்கு அதே பக்கம் சாய்ந்திருந்தது, வாயோரம் அதே பக்கம் ஏறியிருந்தது. தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதியில், அன்றைக்குப் போலவே அவசரமில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது ஆள்.

கண்ணாடி கையில் கிடுகிடுவென்று ஆடியது. எப்படி அறைக்கு வெளியே வந்தாளோ தெரியாது. நடையில் இன்ஸ்பெக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் அவனை நேர்ல பாக்கவே இல்ல. கண்ணாடியில பாத்தேன். அன்னிக்கு நான் திரும்பவே இல்ல மேடம். கண்ணாடியில எல்லாம் பக்கம் மாறித்தானே தெரியும்!"

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க பாத்தீங்களான்னு கேட்டீங்க. எனக்குப் பாக்கறதுன்னாலே அதுதான் மேடம்."

இன்ஸ்பெக்டரம்மா கைக்கண்ணாடியை வாங்கித் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, எல்லாரையும் இடம் மாற்றி நிறுத்தச் சொல்லியிருப்பதாகவும், முதல் தடவை இல்லை என்று சொன்னதையும் சேர்த்தே எழுதப்போவதாகவும் சொன்னார். "இன்னொரு தடவை பாருங்க. ஆனா அவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கணும். அத்தனை பக்கத்துல. உங்களால முடியுமா?"

இத்தனை நாளும் எதைச் செய்ய முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டாளோ, கண்ணாடியை மூடினாளோ, அதையேதான் இவர்கள் கேட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. மூச்சை மெதுவாக, மிக மெதுவாக விட்டாள்.

"என் வேலையே அதுதான் மேடம்" என்றாள்.

முதுகு காட்டுவது கோழைத்தனம் என்று சொல்லிவைத்தவர்கள் அந்த அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அக்கா வரிசைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள். பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து, ஒவ்வொரு ஆளாக நகர்ந்தாள். கையெட்டும் தூரத்தில் அவர்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு முகம் பார்த்தாள், இல்லை. அடுத்தது, இல்லை. போகப் போக ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணாடிக்குள் முகம் வர வர, அவளுடைய கை ஆடுவது நின்றது. அது அவளுடைய இடம். இருபுறமும் முடி சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பழைய கண் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

வரிசையின் கடைசிக்கு முந்தின ஆள் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். குல்லா மட்டும்தான் தெரிந்தது.

"தலையை நிமிர்த்துங்க" என்றாள் அக்கா.

அவன் அசையவில்லை. எத்தனை குழந்தைகள், எத்தனை முரட்டுத் தலைகள் அவளிடம் இப்படி அடம்பிடித்திருக்கும்! கடையில் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரலில், அதட்டாமல், ஆனால் இரண்டாம் தடவை சொல்லவைக்காதே என்கிற தினுசில் சொன்னாள்: "நிமிருங்க. நேராப் பாருங்க. ஆடாம இருங்க."

நிமிர்ந்தான். அந்தக் குரலுக்கு நிமிராமல் யாராலும் இருக்க முடியாது.

கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் மறுபடி சந்தித்தன. அன்றைக்கு அவள் கத்திரி அந்தரத்தில் நின்றது. இன்றைக்கு அவன் வாயோரம் மெல்ல இறங்கியது. அக்கா கண்ணை எடுக்கவில்லை. அவன்தான் முதலில் எடுத்தான்.

"இவன்தான் மேடம்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

நடுக்கமெல்லாம் வெளியே வந்த பிறகுதான். ஸ்டேஷன் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நாத்தனாருக்குப் புரியவில்லை.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு? ஏதாவது சொல்லுங்களேன்!"

"நிமிருன்னேன்டி. நிமிர்ந்துட்டான்!"

நாத்தனார் போட்ட கூச்சலில், வாசலில் நின்ற காவலர் வாங்கி வைத்திருந்த கத்திரியை அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்த பிறகுதான், கைக்கண்ணாடியை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை என்பது அக்காவுக்கு உறைத்தது. சாயங்காலம் இன்ஸ்பெக்டரம்மா போன் செய்தார். இடது பக்கம் என்று எழுதியிருந்ததால் இவனாக இருக்காது என்று அவர்களே முக்கால்வாசி முடிவு செய்திருந்தார்களாம். இப்போது அவன் கேமராக்களைப் பதுக்கிய இடம்வரை சொல்லிவிட்டானாம்.

மறுநாள் காலையில் அக்கா கடையைத் திறந்ததும் செய்த முதல் வேலை, துண்டை உருவிப் போட்டதுதான். இரண்டாவது வேலை, நாற்காலியைத் திருப்பியது. அது தரையில் கிறீச்சிட்ட சத்தத்துக்கு வீட்டுக்காரர் "எண்ணெய் போடணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

வெயில் ஏறுவதற்குள் எதிர்ச்சாரியிலிருந்து போட்டோக்காரர் தெருவைக் கடந்து வந்தார். மனைவி கையைப் பிடித்திருந்தார். தையல் போட்ட இடத்தில் முடி புதிதாக முளைத்து, ஒரு பக்கம் புல்லும் ஒரு பக்கம் புதருமாகத் தலை பரிதாபமாக இருந்தது. 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையைப் பார்த்துத் தயங்கினார். நாத்தனார் அதன் மேல் ஒரு ஈரத் துண்டைக் காயப்போட்டாள். "இன்னிக்குப் பலகை லீவு. உள்ள வாங்க அண்ணா" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். கதவு அவருக்கும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, குழந்தை மாதிரி மெதுவாகக் கேட்டார்: "பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்கா தையல் தழும்பைச் சுற்றி, சீப்பில் தூக்கித் தூக்கி, இரண்டு பக்கத்தையும் சமத்துக்குக் கொண்டுவந்தாள். பாதி வேலையில் தெருக்கோடியில் எவனோ ஒரு ஷட்டரைத் தடாலென்று இறக்கினான். நாற்காலியில் அவர் துள்ளினார். அக்காவின் நெஞ்சும் ஒரு துள்ளு துள்ளியது. 'வா, வந்து உக்காரு' என்றாள் அதனிடம். கத்திரி நிற்கவில்லை.

"ஷட்டர்தான். ஆடாம இருங்க, காதுகிட்ட வெட்டறேன்" என்றாள் அவரிடம். பிறகு, "கொஞ்சம் சிரிங்களேன். இது என்ன பாஸ்போர்ட் போட்டோவா?" என்றாள்.

ஊரையெல்லாம் சிரிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், அந்தக் கண்ணாடியில் முதன்முதலாகச் சிரித்தார். அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது பின்னால் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் உள்ளே வந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றாள் பார்லர் அக்கா. திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.